சுரங்கத் தொழிலாளருக்குக் கவசம் அமைத்தவர்: மார்க் இசம்பாட் புரூணல்



கைத்தொழிற் புரட்சி என்னும் அலகைப் படிக்கும்போது ஜேம்ஸ் வாற், ஜோர்ஜ் ஸ்ரீவன்சன், ஹம்பிரி டேவி முதலியோரின் பெயர்களைப் படித்திருப்பீர்கள். சுரங்கத்தில் தீப்பற்றும் வாயுவினால் ஏற்படும் வெடிப்பைக் குறைப்பதற்கு 1815ஆம் ஆண்டில் டேவி காப்பு விளக்கை அமைத்தார் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் மண்ணுக்கு அடியில் வேலை செய்வோரின் உயிரைப் பறிப்பது வாயு மாத்திரமன்று. தலைக்கு மேலுள்ள கூரையிலிருந்து பாறையும் மண்ணும் இடிந்து விழுவது அதனிலும் பழைய ஆபத்தாகும். அந்த ஆபத்திலிருந்து நிலத்தடித் தொழிலாளரைக் காக்க ஒரு நடமாடும் இரும்புக் கவசத்தை ஆக்கியவரே மார்க் இசம்பாட் புரூணல். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பகுதியில் கற்போம்.

1. கூரை ஏன் விழுகின்றது?

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக் கொள்ளுங்கள். நிலத்தினுள்ளே உள்ள ஒவ்வொரு பாறைப் படையும் தனக்கு மேலுள்ள படைகளின் நிறையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றது. ஓரிடத்தைத் தோண்டி வெறுமையாக்கினால் அவ்விடம் தாங்கிய நிறை பக்கச் சுவர்களுக்கு மாறுகின்றது. கடினமான, வெடிப்பில்லாத பாறையாயின் அது வில்வளைவு போல நின்று தன்னைத் தானே தாங்கும். வெடிப்புள்ள பாறையோ, களிமண்ணோ, மணலோ ஆயின் அது நில்லாது. நீர் ஊறினால் அதன் பிடிப்பு மேலும் குறையும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை மூடிய மண்சரிவை எமது ஊவா மாகாணத்தவர் எவரும் மறக்க மாட்டார்கள். மழைநீர் ஊறிய மண் எவ்வளவு வேகமாக இடம்பெயரும் என்பதற்கு அது கொடிய சான்றாகும்.

பழைய காலத்துச் சுரங்கத் தொழிலாளர் கூரைக்கு மர முட்டுகளைக் கொடுத்தே வேலை செய்தனர். முட்டுக் கொடுப்பதற்கு முன்பு, புதிதாக வெட்டிய பகுதியின் கீழே தொழிலாளி காப்பின்றி நிற்கும் நேரமே மிக ஆபத்தானது. அந்த இடைவெளியை இல்லாமற் செய்வது எவ்வாறு என்பதே புரூணல் தீர்த்த பிரச்சினையாகும்.

2. பிறப்பும் இளமையும்

புரூணல் 1769 ஏப்ரல் 25ஆந் திகதி பிரான்சின் நோர்மண்டிப் பிரதேசத்தில் ஹக்வில் என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் வசதி படைத்த விவசாயி. இரண்டாவது மகனாகிய இவரைக் குருவானவர் ஆக்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அதற்காக ரூவான் நகரிலுள்ள குருமடத்திற்கு அனுப்பினார். சிறுவனின் மனமோ வரைதலிலும் கணிதத்திலும் தச்சு வேலையிலுமே நின்றது. குருமடத் தலைவரே அவனது திறமையைக் கண்டு தச்சு வேலை கற்க இடமளித்தார். இறுதியில் தந்தையார் இணங்கவே, 1786இல் கடற்படையிற் சேர்ந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். 1792இல் தாயகம் திரும்பினார்.

அப்போது பிரான்சியப் புரட்சி உச்சக் கட்டத்தை அடைந்திருந்தது. புரூணல் மன்னராட்சியை ஆதரித்தவர். அக்கருத்தை அவர் மறைக்கவுமில்லை. எனவே உயிருக்கு ஆபத்து நேர்ந்தது. 1793இல் நாட்டை விட்டுத் தப்பி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ரூவானில் அவர் விரும்பிய சோபியா கிங்டம் என்னும் ஆங்கிலேயப் பெண்ணைப் பிரான்சிலேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. ஆங்கிலேயர் என்பதனால் சோபியா சிறைப்படுத்தப்பட்டார். 1794இல் விடுதலை பெற்றார்.

3. அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு

அமெரிக்காவில் புரூணல் நில அளவையாளராகவும் பொறியியலாளராகவும் தொழில் புரிந்தார். 1796இல் நியூயோர்க் நகரின் தலைமைப் பொறியியலாளராக நியமிக்கப்பட்டார். அந்நாட்களில் பிரித்தானியக் கடற்படைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் ஓரிலட்சம் கப்பிகள் தேவைப்பட்டன என்பதையும் அவையாவும் கையினாலேயே செய்யப்பட்டன என்பதையும் அறிந்தார். அவற்றை இயந்திரத்தினாற் செய்யலாம் எனத் திட்டமிட்டு 1799இல் இங்கிலாந்துக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி சோபியாவை மணந்தார். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகளும் ஓர் ஆண் பிள்ளையும் பிறந்தனர். 1806இற் பிறந்த மகனே பிற்காலத்தில் பாலங்களாலும் புகையிரதப் பாதைகளாலும் கப்பல்களாலும் புகழ்பெற்ற இசம்பாட் கிங்டம் புரூணல் ஆவார். தந்தை, மகன் ஆகிய இருவரின் பெயர்களையும் மாணவர் பலர் மாறி எழுதுவதுண்டு. கவனமாக இருங்கள்.

4. கப்பி இயந்திரங்களும் கடன் சிறையும்

புரூணலின் திட்டப்படி ஹென்றி மோட்ஸ்லி என்னும் திறமைமிக்க இயந்திரக் கைவினைஞர் இயந்திரங்களை உருவாக்கினார். அவை போட்ஸ்மத் கடற்படைத் துறையில் நிறுவப்பட்டன. 110 கைவினைஞர் செய்த வேலையைப் பயிற்சி குறைந்த 10 பேர் செய்யக் கூடியதாயிற்று. 1808இல் 130,000 கப்பிகள் ஆக்கப்பட்டன. பெருமளவு உற்பத்தி முறைக்கு உலகில் எழுந்த முதல் உதாரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

1809இல் போர்முனையிலிருந்து கந்தைத் துணி சுற்றிய கால்களோடு திரும்பிய படைவீரரை அவர் கண்டார். அவர்களுக்கெனப் பாதணி செய்யும் இயந்திரங்களை அமைத்து, போரில் அங்கவீனரான வீரரையே அங்கு வேலைக்கு அமர்த்தினார். ஆனால் 1814இல் அவரது மர அரிவு ஆலை எரிந்து போனது. 1815இல் வாட்டர்லூப் போருடன் யுத்தம் முடிவுற்றதும் பாதணிகளை அரசாங்கம் வாங்கவில்லை. கடன் பெருகியது. 1821 மே மாதத்தில் கடன்காரர் சிறையில் அடைக்கப்பட்டார். மனைவி சோபியாவும் உடன் சென்று சிறையிலேயே தங்கினார். புரூணல் ரஷ்யப் பேரரசருக்குச் சேவை செய்யச் சென்றுவிடக்கூடும் என்ற அச்சம் இங்கிலாந்தில் எழுந்தது. அரசாங்கம் 5,000 பவுண் வழங்கிக் கடனைத் தீர்க்க உதவியது. 88 நாட்களின் பின் அவர் வெளியே வந்தார்.

5. புழு கற்பித்த பாடம்

இலண்டன் நகரில் தேம்ஸ் நதியின் கீழ் வழியமைக்க முன்னரும் முயற்சி நடந்திருந்தது. 1807இல் ரிச்சட் திரெவிதிக் கோர்ண்வோல் சுரங்கத் தொழிலாளரைக் கொண்டு ஒடுங்கிய வழியொன்றை வெட்டத் தொடங்கினார். 1,000 அடிக்கு மேல் சென்ற பின்னர் 1808இல் நதி உட்புகுந்து வேலை நின்றது. மென்மையான நதியடி மண்ணில் கூரை நில்லாது, எனவே இது இயலாத காரியம் என்று பலரும் முடிவு செய்தனர்.

புரூணல் விடையை ஒரு சிறு பிராணியிடம் கண்டார். கப்பற் புழு என அழைக்கப்படும் அது உண்மையில் புழுவன்று. மட்டியினத்தைச் சேர்ந்த மொலஸ்கா ஆகும். அது தன் தலையிலுள்ள வன்மையான ஓட்டினால் மரத்தைக் குடைகின்றது. குடைந்த தூளை உடலினூடாகப் பின்னே கழிக்கின்றது. துளையின் சுவரில் சுண்ணாம்பு போன்ற பொருளைப் பூசி உறுதியாக்குகின்றது. முன்னே ஓடு, நடுவே குடைதல், பின்னே உறுதியான சுவர் ஆகிய மூன்றும் ஒருங்கே நடைபெறுவதனால் மரம் அதன்மேல் நெருக்குவதில்லை. இதே ஒழுங்கை மனிதரும் பின்பற்றலாம் எனச் சிந்தித்த புரூணல் 1818இல் சுரங்கக் கவசத்திற்கு ஆக்கவுரிமை பெற்றார்.

6. கவசம் தொழிற்பட்ட முறை

1824இல் தேம்ஸ் சுரங்கக் கம்பனி அமைக்கப்பட்டது. 1825 மார்ச்சில் ரொதஹைத் என்னும் இடத்தில் வேலை தொடங்கியது. முதலில் 50 அடி விட்டமுள்ள செங்கற் கோபுரம் நிலத்தின்மேற் கட்டப்பட்டது. அதன் உட்புற மண்ணைத் தோண்டத் தோண்டக் கோபுரம் தன் நிறையினாலேயே நிலத்தினுள் இறங்கியது. இவ்வாறு கிணற்றுச் சுவர் முதலிலும் கிணறு பின்னரும் உருவாகின. தோண்டியோர் எந்நேரமும் சுவரின் காப்பினுள்ளேயே இருந்தனர் என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் கவசம் கீழே இறக்கப்பட்டது. அதன் அமைப்பைப் பின்வருமாறு சுருக்கலாம்.

அ) 12 இரும்புச் சட்டகங்கள் புத்தகங்களை அடுக்கியது போலப் பக்கம் பக்கமாக நின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று தட்டுகள் இருந்தன. எனவே மொத்தம் 36 அறைகள். ஓர் அறையில் ஒருவர் வீதம் 36 பேர் ஒரே நேரத்தில் வெட்டினர்.

ஆ) மேற்புறத்தில் இரும்புத் தகடுகள் கூரை மண்ணைத் தாங்கின. பக்க மண்ணையும் தகடுகளே தாங்கின.

இ) வெட்டப்படும் முகம் முழுவதும் சிறு பலகைகளால் மூடப்பட்டுத் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. தொழிலாளி ஒரு பலகையை மாத்திரம் எடுத்து, அதன் பின்னாலுள்ள மண்ணைச் சில அங்குலம் வெட்டி, பலகையை மீண்டும் முன்னே பொருத்தி இறுக்கினார். பின்பே அடுத்த பலகையை எடுத்தார். இதனால் முகத்தின் மிகச் சிறு பகுதியே எந்நேரமும் திறந்திருந்தது.

ஈ) ஓர் அறையின் பலகைகள் யாவும் முன்னே சென்றதும், சட்டகம் பெரிய திருகு ஜக்குகளால் முன்னே தள்ளப்பட்டது. அந்த ஜக்குகள் பின்னால் கட்டி முடித்த செங்கற் சுவரில் ஊன்றப்பட்டன.

உ) சட்டகம் நகர்ந்தவுடன் வெளியான இடத்தில் மேசன்மார் உடனடியாகச் செங்கற் கட்டினர். கூரை காப்பின்றி நிற்க நேரமே அளிக்கப்படவில்லை.

விஞ்ஞான பாடத்துடன் இதனைத் தொடர்புபடுத்திப் பாருங்கள். ஜக்கு சுவரைப் பின்னே தள்ள, சுவர் சட்டகத்தை முன்னே தள்ளுகின்றது. இது நியூற்றனின் மூன்றாம் விதியாகும். சட்டகத்தின் அடியில் அகன்ற இரும்புப் பாதங்கள் இருந்தன. விசை பரவும் பரப்பு அதிகரிக்கும்போது அமுக்கம் குறையும் என்பதனால், மென்மையான மண்ணில் சட்டகம் புதையாமல் நின்றது.

7. கவசம் தடுக்காத ஆபத்துகள்

மாணவர்களே, கவசம் வந்ததும் ஆபத்து முற்றாக நீங்கியது என எண்ணிவிடாதீர்கள். நதியின் கீழ் உறுதியான களிமண் தொடர்ச்சியாக உள்ளது என ஆய்வாளர் கூறியிருந்தனர். உண்மையில் இடையிடையே மணலும் பரலும் இருந்தன. நீரை வெளியேற்ற அடியில் ஒரு வடிகால் வேண்டும் எனப் புரூணல் கேட்டிருந்தார். செலவைக் காரணங் காட்டிப் பணிப்பாளர் சபை அதை ஏற்கவில்லை. அக்காலத் தேம்ஸ் நதி நகரின் கழிவு யாவும் கலந்த சாக்கடையாக இருந்தது. கூரையிலிருந்து சொட்டிய அந்நீரினாலும் தீய வாயுவினாலும் தொழிலாளர் நோயுற்றனர். சிலருக்குத் தற்காலிகமாகப் பார்வையும் குன்றியது. 1826இல் களப் பொறியியலாளர் நோயுற்று விலக, 20 வயதேயான மகன் இசம்பாட் அப்பொறுப்பை ஏற்றார். இதற்கிடையில் பணம் சேர்ப்பதற்காகக் கட்டணம் பெற்றுப் பார்வையாளரை உள்ளே விடக் கம்பனி முடிவு செய்தது. புரூணல் இதனை விரும்பவில்லை.

1827 மே 18ஆந் திகதி நதி உட்புகுந்தது. உள்ளே இருந்தோர் தப்பினர். நீரடியில் இறக்கும் மணி வடிவக் கூட்டின் உதவியால் நதியடித் துளையைக் கண்டு, களிமண் மூட்டைகளை இட்டு அடைத்தனர். ஆனால் 1828 ஜனவரி 12ஆந் திகதி மீண்டும் வெள்ளம் புகுந்தபோது ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். இசம்பாட் பலத்த காயத்துடன் உயிர் தப்பினார். பணமும் தீர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் சுரங்கம் சுவர் வைத்து மூடப்பட்டது. ஏழு ஆண்டுகள் அது அவ்வாறே கிடந்தது.

புரூணலுக்கு அப்போது 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரார் கேலி செய்தனர். எனினும் அவர் கவசத்தைக் கைவிடாமல் அதன் குறைகளை ஆராய்ந்தார். 1834இல் அரசாங்கக் கடன் கிடைத்ததும் முன்னதிலும் பெரிய, உறுதியான கவசத்தை அமைத்தார். 1836இல் வெட்டுதல் மீண்டும் தொடங்கியது. அதன் பின்னரும் 1837இலும் 1838இலும் நதி உட்புகுந்தது. ஒவ்வொரு முறையும் அடைத்து, நீரை இறைத்து, முன்னே சென்றனர்.

8. நிறைவும் மறைவும்

1841இல் புரூணலுக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது. 1842இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. உடலின் ஒரு பக்கம் செயலிழந்த நிலையிலும் 1843 மார்ச் 25ஆந் திகதி நடைபெற்ற திறப்பு விழாவிற் கலந்துகொண்டார். முதல் நாளில் மாத்திரம் சுமார் 50,000 பேர் நதியின் கீழ் நடந்து சென்றனர். 35 அடி அகலமும் 20 அடி உயரமும் 400 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் கொண்ட இச்சுரங்கத்தை அமைக்க 18 ஆண்டுகள் சென்றன. கப்பல் செல்லும் நதியொன்றின் கீழ் வெற்றிகரமாக அமைக்கப்பட்ட உலகின் முதற் சுரங்கவழி இதுவேயாகும். வண்டிகள் இறங்குவதற்கான சாய்வுப் பாதைக்குப் பணமில்லாமையால் ஆரம்பத்தில் பாதசாரிகளே பயன்படுத்தினர். 1869இலிருந்து அதனூடாகப் புகையிரதங்கள் ஓடின. இன்றும் ஓடுகின்றன.

புரூணல் 1849 டிசம்பர் 12ஆந் திகதி தமது 80ஆவது வயதில் இலண்டனிற் காலமானார்.

9. எமது மலைகளும் புரூணலின் கவசமும்

லுணுகலையிலிருந்து பதுளைக்குச் சென்று, அங்கிருந்து புகையிரதப் பாதை வழியே மேலே நோக்கினால் தெமோதரையைக் காணலாம். அங்கே நிலையத்தின் கீழேயே சுரங்கம் அமைத்துப் பாதையை வளைத்துள்ளனர். பாதை பதுளையை அடைந்த ஆண்டு 1924. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கமும் இம்மலையகப் பாதையிலேயே உள்ளது. எமது மலைகளின் பாறை பெரும்பாலும் கடினமானது; ஆகையால் அங்கே புரூணலின் கவசம் தேவைப்படவில்லை. ஆயினும் போகலை, கஹட்டகஹ ஆகிய காரீயச் சுரங்கங்களில் இன்றும் கீழே இறங்கி வேலை செய்வோருக்குத் தலைக்கு மேலுள்ள பாறையே முதற் கவலையாகும்.

பிற்காலத்தில் பீற்றர் பார்லோ, ஜேம்ஸ் கிறேட்ஹெட் என்போர் கவசத்தை வட்ட வடிவமாக்கினர். 1869இல் தேம்ஸின் கீழ் இரண்டாவது சுரங்கவழி அம்முறையில் விரைவாக அமைந்தது. இன்றைய சுரங்கந் துளைக்கும் இயந்திரம் இக்கவசத்தின் வழிவந்ததே. முன்னே சுழலும் வெட்டுத் தலை, நடுவே இரும்புக் கவசம், பின்னே பொருத்தப்படும் கொங்கிறீற்றுத் துண்டுகள் என்பன கப்பற் புழுவின் ஒழுங்கையே நினைவூட்டுகின்றன. நிலக்கரிச் சுரங்கங்களிலும் இப்போது நீரியல் ஜக்குகளில் நிற்கும் இரும்புக் கூரைகள் வெட்டு முகத்துடன் சேர்ந்து நகர்கின்றன.

எமது மாகாணத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. உமா ஓயாப் பல்நோக்குத் திட்டத்தின் நீண்ட சுரங்கம் இத்தகைய இயந்திரத்தினாலேயே துளைக்கப்பட்டது. 120 மெகாவாற்று மின் உற்பத்திக்கென அமைந்த அத்திட்டம் 2024 ஏப்ரல் 24ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. ஆனால் 2014 டிசம்பரிலும் பின்னரும் சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பெருமளவு புகுந்ததால், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. கவசம் அதனுள்ளே நிற்பவரைக் காத்தது. மேலே குடியிருப்பவரின் கிணற்றைக் காக்கவில்லை. பொறியியலாளர் இருவரையும் எண்ணித் திட்டமிட வேண்டும் என்பதே இதன் படிப்பினையாகும்.

புரூணலின் வரலாற்றிலிருந்து நாம் பெறுவது என்ன? ஆபத்தான இடத்தில் வேலை செய்பவரிடம் கவனமாக இரு என்று சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. கவனம் தவறினாலும் கூரை விழாதபடி வேலையின் ஒழுங்கையே மாற்றினார். வடிகாலுக்குரிய பணம் மிச்சப்படுத்தப்பட்ட இடத்திலோ ஆறு உயிர்கள் போயின. தொழிற்சாலையிலோ, தோட்டத்திலோ, வீதி வேலையிலோ நீங்கள் நாளை பொறுப்பேற்கும்போது இவ்விரண்டையும் மனத்திற் கொள்ளுங்கள்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1769 – பிறப்பு
1793 – பிரான்சை விட்டு வெளியேறல்
1799 – இங்கிலாந்து வருகை, திருமணம்
1818 – சுரங்கக் கவசத்திற்கு ஆக்கவுரிமை
1825 – தேம்ஸ் சுரங்க வேலை ஆரம்பம்
1828 – இரண்டாம் வெள்ளம், வேலை நிறுத்தம்
1843 – சுரங்கத் திறப்பு
1849 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. புரூணல் பிரான்சை விட்டு வெளியேறியதற்கான காரணம் யாது?
2. கப்பி இயந்திரங்களால் உற்பத்தியில் ஏற்பட்ட மாற்றத்தை எண்களுடன் குறிப்பிடுக.
3. கப்பற் புழுவின் தொழிற்பாட்டிற்கும் சுரங்கக் கவசத்திற்கும் இடையிலான ஒற்றுமைகள் மூன்று தருக.
4. வெட்டு முகத்தில் ஒரு நேரத்தில் ஒரு பலகை மாத்திரம் அகற்றப்பட்டது ஏன்?
5. கவசம் இருந்தும் 1828இல் உயிரிழப்பு ஏற்பட்டமைக்கு ஏதுவான காரணிகள் இரண்டினை விளக்குக.
6. உமா ஓயாத் திட்டத்தின் அனுபவத்தைக் கொண்டு, நிலத்தடி வேலைகளின்போது கவனிக்க வேண்டியவை பற்றி ஒரு பந்தி எழுதுக.

விடையெழுதுவோர் கவனத்திற்கு: ஐந்தாம் வினாவில் வெள்ளம் வந்தது என்று எழுதினால் மாத்திரம் போதாது. நதியடி மண்ணின் தன்மை, வடிகால் இன்மை என்பவற்றை எடுத்துக் காட்டி, அவை எவ்வாறு வெள்ளத்திற்கு வழிவகுத்தன என்பதையும் எழுதுங்கள். விளக்குக என்று கேட்கப்படும் இடத்தில் காரணத்தையும் விளைவையும் இணைத்தால் மாத்திரமே விடை முழுமை பெறும்.